ஓப்பநாயக்கவுக்கு ஒரு பயணச்சீட்டு

இந்த முறை கொழும்பில் நின்ற மூன்று வாரங்களில் எழுதத் தோன்றுவது, ஒரு பயணச்சீட்டுக் கூண்டின் முன்னால் கழிந்த இருபது நிமிடங்களைப் பற்றித்தான். களனிவெளி ரயில் பாதையில் அவிசாவளைக்குப் போக வரிசையில் நின்ற நான், என் முறை வந்ததும் சிங்களத்தில் "ஓப்பநாயக்க, எக்காய்" (ஓப்பநாயக்கவுக்கு ஒன்று) என்று கேட்டுவிட்டேன். இந்தப் பாதையின் பழைய கடைசி நிலையமான ஓப்பநாயக்கவில் அப்பா நிலைய அதிபராக இருந்தபோது, மருதானையில் அம்மா சீட்டுக் கேட்கக் கேட்க என் வாயில் ஏறிய பெயர் அது.

கூண்டுக்குள் இருந்த இளைஞர் சிரிக்கவில்லை. பட்டியலில் விரலை ஓட்டித் தேடினார், பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், பிறகு "எஹெம ஸ்டேஷன் எகக் நே, மாத்தயா" (அப்படி ஒரு நிலையம் இல்லை, ஐயா) என்றார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. தேயிலையையும் இறப்பரையும் இறக்குவதற்காக 762 மில்லிமீற்றர் அகலத்தில் போட்ட இந்தச் சின்னப் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. எட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளங்களைப் போர்க்காலத்தில், 1942இல், கழற்றிக்கொண்டு போனார்கள். லொறியும் பஸ்ஸும் சரக்கையும் ஆட்களையும் பிடித்துக்கொள்ள, அவிசாவளைக்கு அப்பால் இருந்த பாதை முழுவதும் 1970களில் நட்டக் கணக்கில் மூடப்பட்டது. 1990களில் 1676 மில்லிமீற்றர் அகலப்பாதை போட்டவர்களும் அவிசாவளையோடு நின்றுவிட்டார்கள். அந்த இளைஞர் பிறப்பதற்கு முன்னரே ஓப்பநாயக்க பட்டியலை விட்டுப் போய்விட்டது.

அப்பாவின் காலத்தில், ஓப்பநாயக்க கடைசி நிலையம் என்பதால், கோச்சி வந்து நின்றதும் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கொழுவுவார்கள். அது முடியும்வரை அப்பா வெள்ளைக் காற்சட்டையில் கரி படாமல் தள்ளி நின்று பார்ப்பார். இங்கிலாந்திலும் 1960களில் கிராம நிலையங்களை ஈவிரக்கமின்றி மூடினார்கள்தான். ஆனால் அங்கே மூடிய பாதைகள் சிலவற்றில் ஓய்வுபெற்றவர்கள் சம்பளமில்லாமல் நீராவி வண்டி ஓட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். நான் யாருக்கு எதைக் காட்டுவது?

கடைசியில் அவிசாவளைக்கே கேட்டு, ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினேன். "மாரு சல்லி நே" (சில்லறை இல்லை) என்று தாள் திரும்பி வந்தது. இலண்டனில் அட்டையைத் தொட்டுவிட்டு நடந்து பழகியவனுக்குச் சில்லறை என்ற சொல்லே மறந்துபோயிருந்தது. பின்னால் நின்றவர்களுக்கோ என் ஓப்பநாயக்கவே போதிய எரிச்சலைக் கொடுத்திருந்தது. வெளியே தேத்தண்ணிக் கடையில் தாளை மாற்றுவதற்காகப் பசியில்லாமலே இரண்டு வடையும் ஒரு பால் தேத்தண்ணியும் வாங்கி, மீதியை எண்ணிக்கொண்டு ஓடி வந்தபோது, வண்டியின் கடைசிப் பெட்டி மேடையைக் கடந்துகொண்டிருந்தது. இந்தப் பாதையில் பகலில் அடுத்த வண்டி எப்போது என்று கேட்பவன் ஊரை மறந்தவன். வேலை முடிந்து போகிறவர்களின் மாலை வண்டிவரை காத்திருந்தேன்.

மாலையில் அதே இளைஞர்தான் இருந்தார். என்னைக் கண்டதும், "ஓப்பநாயக்கத?" (ஓப்பநாயக்கவுக்கா?) என்று கேட்டபடி அவிசாவளைச் சீட்டைத் தள்ளினார். வடைக்கும் தேத்தண்ணிக்கும் கொடுத்ததை விட அதன் விலை குறைவாக இருந்தது.