பத்து வயதுக்கு முதல் அறிவியல் சாகச நாவல்: எரிமலையா, டெசராக்டா, ரோபோவா?

அக்கா மகளுக்குப் பத்து வயது. படக்கதை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவாள். தடித்த புத்தகமாக இருந்தால் பத்தாம் பக்கத்தோடு அது அலமாரிக்குத் திரும்பிவிடும். ஒரு நாவலையாவது அவளோடு கடைசிவரை படித்துவிடலாம் என்று மூன்றை எடுத்துவைத்தேன். ஜூல்ஸ் வெர்னின் ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ (1864), மேடலின் லெங்கிளின் ‘எ ரிங்கிள் இன் டைம்’ (1962), பீட்டர் பிரவுனின் ‘தி வைல்ட் ரோபோட்’ (2016). ரோபோதான் ஜெயித்தது.

வெர்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஏட்டிலிருந்து விழும் ரகசியக் குறிப்பு, ஐஸ்லாந்து எரிமலை வழியாகப் பூமிக்குள் பயணம் என்று எல்லாம் பிரமாதம். ஆனால் எரிமலைக்குள் இறங்குவதற்கே புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். அவளோ, “எப்ப மாமா உள்ள இறங்குவாங்க?” என்று மூன்று முறை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். வாங்குவதாக இருந்தால் பேராசிரியரின் பெயரை மட்டும் புரட்டிப் பாருங்கள். லிடன்பிராக் என்றிருந்தால் சரி. ஹார்ட்விக் என்றிருந்தால் அது இஷ்டத்துக்கு மாற்றி எழுதிய பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, வேண்டாம்.

‘ரிங்கிள்’ எனக்கு நெருக்கமான புத்தகம். காணாமல்போன அப்பாவைத் தேடி மெக் என்ற பெண் கிரகம் கிரகமாகப் போகிறாள். வெளியையும் காலத்தையும் துணிபோல மடித்துக் குறுக்கே தாவும் வழிதான் இதில் டெசராக்ட். பாவாடை விளிம்பில் போகும் எறும்பை வைத்து அதை விளக்கும் இடத்தைப் போர்வையை மடித்து நானே செய்து காட்டினேன். கண் விரியப் பார்த்தாள். ஒரு தெரு முழுக்கக் குழந்தைகள் ஒரே தாளத்தில் பந்து தட்டும் காட்சி பெரியவர்களையே லேசாக நடுங்க வைக்கும். ஆனால் மொத்தம் பன்னிரண்டே அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் நீளம். தூக்கம் வந்தால் பாதியில்தான் நிறுத்த வேண்டும். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஆர்வம் வடிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், இந்த வயதுக்கு அத்தியாயத்தின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிறுத்த இடம் இல்லாத புத்தகத்தைப் பிள்ளைகள் மறுபடி கையில் எடுப்பதில்லை. ‘வைல்ட் ரோபோட்’டில் எண்பது அத்தியாயங்கள். பல இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். நடுநடுவே ஆசிரியரே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா” என்று கெஞ்சிக் கெஞ்சியே ஒரே இரவில் ஒன்பது அத்தியாயம் போனது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆரம்பித்தோம். பாதிக்குமேல் எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

சின்ன அத்தியாயம் என்பதால் கதை லேசானது என்று நினைக்க வேண்டாம். கப்பல் மூழ்கித் தீவில் ஒதுங்கிய ரோஸ் என்ற ரோபோ, மறைந்திருந்து பார்த்துப் பார்த்தே விலங்குகளின் பேச்சைக் கற்றுக்கொள்கிறது. ஒருநாள் அது பாறையிலிருந்து சரிந்து விழுந்ததில் ஒரு வாத்துக் குடும்பமே நசுங்கிப்போகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு முட்டை. அந்தப் பக்கத்தில் அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். “தெரியாமத்தானே பண்ணுச்சு?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா பண்ணுனது அதுதானே?” என்று அவளே சொன்னாள். நான் எதுவும் விளக்கவில்லை.

குறையும் உண்டு. ரோபோ எப்படி இயங்குகிறது என்று துருவிக் கேட்கும் பிள்ளைக்கு இதில் தீனி குறைவு. அறிவியலை விளக்கிச் சொல்வதில் ‘ரிங்கிள்’ பல படி மேல். அப்புறம், நான் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு பிள்ளையோடு படித்த அனுபவம்தான். அவளுடைய அண்ணன், பதின்மூன்று வயது, ரோபோவைப் புரட்டிவிட்டு “சின்னப் பசங்க புக்” என்று வைத்துவிட்டு ‘ரிங்கிள்’ளை எடுத்துக்கொண்டு போனான். பிடித்ததா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.

ரோபோவை எடுத்தால் 2018இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல் பாகம் ரோஸ் தீவை விட்டுப் போவதோடு முடிகிறது. நாங்கள் அந்தக் கடைசி அத்தியாயத்தை ராத்திரி பதினொரு மணிக்குப் படித்தோம். இரண்டாம் பாகம் கையில் இல்லை. அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.