தினமும் மாத்திரையா, மாசம் ஒரு ஊசியா?

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், அம்மா அப்பாவுக்கு அப்புறம் நான்தான் பாத்துக்கறேன். ரெண்டு வழியும் பாத்தாச்சு.

மாத்திரைன்னா டோஸ் கூட்டறது குறைக்கறது ஈஸி, ஒத்துக்கலன்னா டாக்டர் சீக்கிரமே மாத்திடலாம். ஆனா வீட்ல நீங்க தங்கச்சியா இருக்க முடியாது, போலீஸ்காரி ஆயிடுவீங்க. "போட்டியா?"ன்னு நான் கேக்க "போட்டேன்டி"ன்னு அவன் சொல்ல இப்படியே ஓடுச்சு, ஒருநாள் தலகாணி உறைய துவைக்க கழட்டினா உள்ள 11 மாத்திரை, பாதி கரைஞ்சு துணியோட ஒட்டிக்கிட்டு. அன்னிக்கு நான் கத்தினது இன்னும் உறுத்துது, ஏன்னா தனக்கு வியாதியே இல்லன்னு நம்பறது நிறைய பேருக்கு அந்த வியாதியோடவே வர்றது, அவன் வேணும்னு ஏமாத்தல.

ஊசின்னா, மருந்தைப் பொறுத்து 2 வாரம், 1 மாசம், 3 மாசம்னு இருக்கு, சிலதுல 6 மாசத்துக்கு ஒண்ணு. வரலன்னா கிளினிக்லயே தெரிஞ்சிடும், நாம துப்பறிய வேண்டாம். குறை என்னன்னா உள்ள போனத திருப்பி எடுக்க முடியாது, கை நடுக்கமோ ஒரு இடத்துல உக்கார முடியாத தவிப்போ வந்தா வாரக்கணக்குல இழுக்கலாம், அதனாலதான் அதே மருந்த முதல்ல மாத்திரையா குடுத்துப் பாப்பாங்க. வெயிட் போடறது ரெண்டுலயும் உண்டு.

இதே வியாதிக்குக் குடுக்கற குளோசபின்ங்கற மருந்து எடுக்கறவங்களுக்கு இந்த சாய்ஸ் கிடையாது, மாத்திரைதான், கூடவே ரத்த டெஸ்ட். 2 நாளுக்கு மேல விட்டுட்டா பழைய டோஸ்லயே ஆரம்பிக்காதீங்க, டாக்டருக்கு போன் பண்ணுங்க.

என் ஓட்டு ஊசிக்குத்தான், ஆனா அவனே சரின்னு சொன்னப்புறம். இப்பல்லாம் சண்டை டிவி ரிமோட்டுக்கு மட்டும்தான்.