நின்று வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அல்சூர் தமிழ் வகுப்பு

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலை நடக்கும் தமிழ் வகுப்புக்கு என் மகளை நாலு மாதமாக அனுப்புகிறேன். நாலாவது படிக்கிறாள், பள்ளியில் தமிழ் கிடையாது, நான் சொல்லிக்கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. ஆனால் ஒரு பத்தியைக் கடகடவென்று ஒரே மூச்சில் முடித்த பிறகு என்ன கதை என்று கேட்டால் முழிப்பாள்.

டீச்சர் முதல் வாரமே பிடித்துவிட்டார். "எழுத்தெல்லாம் சரியா வாசிக்கிறா, எங்கேயும் நிக்க மாட்டேங்கிறா" என்றார். காற்புள்ளிக்கு 1 மாத்திரை, அரைப்புள்ளிக்கு 2, முக்காற்புள்ளிக்கு 3, முற்றுப்புள்ளிக்கு 4 என்று நாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. இங்கே பிள்ளைகள் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வாசிக்கிறார்கள், காற்புள்ளிக்கு ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு நாலு.

ஒரு நாள் போர்டில் 'முயல் ஆமையிடம் நான் தோற்றுவிட்டேன் என்றது' என்று குறியே இல்லாமல் எழுதி, முயல் யாரிடம் சொன்னது என்று கேட்டாராம். பாதிப் பேர் ஆமையிடம் என்றார்கள். இவள், ஆமையிடம் தோற்றதை வேறு யாரிடமோ சொல்கிறது என்றாளாம். காற்புள்ளியையும் மேற்கோள் குறியையும் முதலில் 'ஆமையிடம்' என்பதற்குப் பின்னால் போட்டு, அப்புறம் அழித்துவிட்டு 'முயல்' என்பதற்குப் பின்னால் போட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு கதை!

போன வாரம் என் தம்பி வாட்ஸப்பில் 'அக்கா வீட்டுக்காரர் வந்திருக்கார்' என்று அனுப்பியிருந்தான். நான் இவள் அப்பா ஊரிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன், வந்திருந்தது வாடகை கேட்டு ஹவுஸ் ஓனர். "மாமா காற்புள்ளி போடலைம்மா" என்று போனைப் பார்த்ததுமே சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அச்சு வந்த பிறகு ஆறுமுக நாவலர் போன்றவர்கள்தான் உரைநடையில் இந்தக் குறிகளை நிலைக்க வைத்தார்கள் என்பதையும் கதைபோலச் சொல்லித் தருகிறார்.

ஒரே குறை, வீட்டுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாள்கள். எங்கிருந்தோ எடுத்த ஜெராக்ஸ், பாதி இடத்தில் மேற்கோள் குறியே இல்லை, யார் பேசுகிறார்கள் என்று எனக்கே புரியவில்லை. இந்த வகுப்பில் இது நடக்கவே கூடாது. சொன்னேன், மாற்றுகிறேன் என்றார். அதுவரை நான் பேனாவால் போட்டுக் கொடுக்கிறேன்.

எழுத்து தெரிந்த பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள், அ, ஆ இங்கே சொல்லித் தருவதில்லை.