ஃபைபர் ஒட்டியாச்சு என்று சொன்னால், ஸ்லீவைக் காட்டச் சொல்லுங்கள்

அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 80 மீட்டர் ஃபைபர், இரு முனையிலும் ஃபைபரின் ஒளியையும் நெட்வொர்க் கேபிளின் மின் சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர். ஃப்யூஷன் ஸ்ப்ளைசிங் (மெஷினில் ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டுவது) என்று கூலி வாங்கிக்கொண்டு, மெஷின் இல்லாமல் கையாலேயே மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிவப்பு லேசர் அடித்து, மறுமுனையில் வெளிச்சம் வருவதைக் காட்டியதோடு சரி. லிங்க் வருவதும் போவதுமாக இருக்கிறது. கேட்டால், "கன்வெர்ட்டரை மாத்துங்க" என்று பதில்.

ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்ததில் கன்வெர்ட்டர் வாயில் −6 டிபிஎம் (ஒளி பலத்தின் அலகு, கீழே போகப் போக ஒளி குறைவு), மறுமுனையில் −21. அதாவது 15 டிபி இழப்பு. 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒரு முழுக் கிலோமீட்டர் ஃபைபரே 0.35 டிபி அளவுக்குத்தான் இழக்கும். ஃபாஸ்ட் கனெக்டரும் ஒழுங்காகப் போட்டால் ஒன்றுக்கு 0.5 டிபிக்குள் நிற்கும். மொத்தம் 1 டிபியை ஒட்டி வந்திருக்க வேண்டிய வேலை இது.

கனெக்டரைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. ஃபைபர் முனையை நேராக வெட்டும் கருவியான கிளீவரையே தொடவில்லை, கத்தரியால் நறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடி முனை சில்லு பெயர்ந்து கிடந்தது. முனைகளுக்கு நடுவே ஒளி கடக்க உள்ளே இருக்கும் ஜெல்லில் தூசி. போதாததற்கு ஒரு முனையில் பச்சை எஸ்சி/ஏபிசி வகைக் கனெக்டர். கன்வெர்ட்டரில் இருப்பதோ நீல யுபிசி வகை. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் நேர். இரண்டும் முகம் பொருந்தாது, நடுவே காற்றிடைவெளி விழும். அழுத்திச் செருகினால் முனையும் கீறும்.

ஃபாஸ்ட் கனெக்டர் மட்டமான பொருளல்ல. வீட்டுக்குள் செலவு குறைக்க நல்ல வழிதான். மேலுறையை உரித்து, 250 மைக்ரான் விட்டமுள்ள பூச்சை நீக்கி, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கிளீவரில் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு துடைக்கக் கூடாது, முனையைத் தொடவும் கூடாது. உள்ளே தள்ளும்போது பின்னால் ஃபைபர் லேசாக வில்போல் வளைந்தால் முனை முட்டிவிட்டது என்று பொருள். அப்போதுதான் பூட்டை அழுத்த வேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடும் ஆளை நிறுத்துங்கள், ஜெல் ஏற்கெனவே அழுக்காகியிருக்கும்.

ஸ்ப்ளைசிங் செய்திருந்தால் ஒட்டின இடத்தில் உள்ளே கம்பி வைத்த, சூட்டில் சுருங்கிய 4 முதல் 6 செ.மீ. ஸ்லீவ் (பாதுகாப்புக் குழாய்) இருக்கும். கனெக்டருக்குள்ளேயே ஒட்டும் வகையில் அது பின்பக்க உறைக்குள் மறைந்திருக்கும், ஆனால் அதற்கும் மெஷின் வந்தாக வேண்டும். மெஷினே வராத இடத்தில் ஸ்ப்ளைசிங் கூலி கொடுக்காதீர்கள்.

சிவப்பு லேசர் ஃபைபர் அறுந்திருக்கிறதா என்று காட்டும், அவ்வளவுதான். 15 டிபி இழப்பிலும் அது பளிச்சென்று தெரியும். இரு முனை ரீடிங்கையும் மீட்டரில் காட்டச் சொல்லி, குறித்து வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.