தனித்தனி ரேடியோவா, ஜி1000 திரையா? பயிற்சிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

விமானப் பயிற்சிக்குச் சேரும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று: பேசவும் வழி அறியவும் கேஎக்ஸ் 155 ரேடியோ இரண்டு, ரேடாருக்கு அடையாள எண்ணும் உயரமும் அனுப்பும் கேடி 76ஏ டிரான்ஸ்பாண்டர் ஒன்று, விஓஆர் (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம்) வழியிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று முள்ளால் காட்டும் வட்டக் கருவி இரண்டு. பக்கத்திலேயே, 2004 முதல் செஸ்னாக்களில் வரத் தொடங்கிய கார்மின் ஜி1000 பொருத்திய 172. அதில் எல்லாமே இரண்டு பெரிய திரைகளுக்குள் அடங்கிவிடும். நான் பழையதில் தொடங்கி, பிறகு ஜி1000-க்கு மாறினேன். யார் கேட்டாலும் அதே வரிசையைத்தான் சொல்வேன்.

பேசுகிற ரேடியோவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அடுத்த ஃப்ரீக்வென்சியை ஸ்டான்ட்பையில் வைத்து, பொத்தானை அழுத்தி மாற்றுவதுதான். கேஎக்ஸ் 155-ல் 25 கிலோஹெர்ட்ஸ் படி வேண்டுமென்றால் சின்னக் குமிழை வெளியே இழுத்துத் திருக வேண்டும். ஓரிரு நாளில் கை பழகிவிடும். ஜி1000-ல் மாற்றும் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அவசர அலைவரிசை 121.5 வந்து நிற்கும். நல்ல வசதி. மணிக்கணக்குக் கட்டணம் ஜி1000-க்குப் பெரும்பாலும் கூடுதல் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

டிரான்ஸ்பாண்டரில் ஜி1000-க்குத்தான் என் ஓட்டு. கேடி 76ஏ-யில் நான்கு இலக்கத்துக்கு நான்கு குமிழ், ஒவ்வொன்றிலும் 0 முதல் 7 வரை, ஆக மொத்தம் 4096 கோட் எண்கள். அவசரநிலைக்கு 7700, ரேடியோ பழுதுக்கு 7600, கடத்தலுக்கு 7500. இப்போது 1700-ல் இருக்கிறீர்கள், ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) 7023 கொடுக்கிறது என்று வையுங்கள். முதல் குமிழை முதலில் திருகினால் வழியில் 7700 வந்துவிடும். அதனால்தான் எஸ்பிஒய் (காத்திருப்பு) நிலைக்குப் போய், கோட் எண்ணை மாற்றி, மறுபடி ஆல்ட் (உயரமும் அனுப்பும்) நிலைக்குக் கொண்டுவரும் பழக்கம் வந்தது. திரும்பக் கொண்டுவர மறந்தால் உங்கள் எண்ணும் உயரமும் ரேடாருக்குப் போகாது. ஜி1000-ல் எக்ஸ்பிடிஆர் (டிரான்ஸ்பாண்டர்), கோட் என்ற பொத்தான்களை அழுத்தி நான்கு இலக்கத்தைப் போட்டால், முழு எண்ணும் சேர்ந்த பிறகுதான் அது வெளியே போகும். தரையிலிருந்து எழும்பியதும் ஆல்ட் நிலைக்கும் தானாகவே மாறிவிடும்.

அப்படியானால் ஏன் பழையதில் தொடங்கச் சொல்கிறேன்? முள்ளுக்காகத்தான்.

பழைய பலகையில் முதல் ரேடியோவின் வழிகாட்டும் பகுதி (நாவ் 1) மேல் வட்டத்துக்கு, இரண்டாவதன் நாவ் 2 கீழ் வட்டத்துக்கு. கை எந்த ரேடியோவைத் திருகுகிறதோ அதற்கென்று ஒரு முள் உண்டு, அது மாறவே மாறாது. ஜி1000-ல் முள் ஒன்றுதான், அதை ஆட்டுவது மூன்றில் ஒன்று. முள் எதைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிடிஐ பொத்தானை அழுத்த அழுத்த ஜிபிஎஸ், முதல் விஓஆர், இரண்டாம் விஓஆர் என்று சுற்றி வரும். ஜிபிஎஸ் என்றால் மெஜந்தா நிறம், விஓஆர் அல்லது லோக்கலைசர் (ஓடுபாதைக்கு நேராக வழிகாட்டும் சிக்னல்) என்றால் பச்சை. விஓஆர் ஃப்ரீக்வென்சியைச் சரியாக வைத்துவிட்டு, மெஜந்தா முள்ளைப் பார்த்தே பறப்பது ரொம்ப எளிது. கைவேலை எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். பார்க்கிற முள் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நிறம் பார்க்கப் பழகினாலும் போதாது, ஏனென்றால் முள்ளின் கணக்கே வேறு. விஓஆர் முள் ஓரத்துக்குப் போனால் 10 டிகிரி விலகல். கோணம் என்பதால், நிலையத்திலிருந்து 30 கடல் மைலில் அது சுமார் 5 மைல், 6 மைலில் சுமார் 1 மைல். நெருங்க நெருங்க முள் துடிப்பாகும், தலைக்கு மேல் நிலையம் வரும்போது தடுமாறும். லோக்கலைசர் அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கூர்மை. ஜிபிஎஸ் முள்ளோ தூரத்தில் அளப்பது: விமான நிலையத்தை நெருங்கிய கட்டத்தில் ஓரம் என்றால் 1 மைல், அந்தக் கட்டத்தில் நீங்கள் எங்கே இருந்தாலும் அதேதான். பழைய வட்டத்தில் பழகியவர் ஜி1000-ல் பச்சை முள் வேகமாக நகரும்போது "கிட்ட வந்துவிட்டோம்" என்று உடனே புரிந்துகொள்வார். ஜிபிஎஸ்-ஸில் மட்டுமே வளர்ந்தவர் பதறி, தேவைக்கு அதிகமாகத் திருப்புவார்.

அப்புறம் நிலையத்தை உறுதி செய்வது. ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸ் ஒலியாக அனுப்பும்; கேஎக்ஸ் 155-ல் நாவ் ஒலிக் குமிழை இழுத்து அதைக் காதால் கேட்க வேண்டும். சென்னை விஓஆர் எம்எம்வி என்றால் டா டா, டா டா, டி டி டி டா. ஜி1000 அதைத் தானே படித்து எழுத்தாகக் காட்டிவிடும். வசதிதான். ஆனால் நிலையம் பராமரிப்பில் இருந்தால் அடையாள ஒலியை நிறுத்திவிடுவார்கள். முள் மட்டும் ஏதோ காட்டிக்கொண்டிருக்கலாம். காதால் கேட்டே பழகியவருக்கு அந்த அமைதி உடனே உறுத்தும்.

பணக் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. நம் நாட்டில் சிபிஎல்-க்கு (வணிக விமானி உரிமம்) 200 மணி நேரம் பறக்க வேண்டும், வீணாக்க ஒன்றும் இல்லை. ஜி1000-ன் பொத்தான் வரிசையை வீட்டில் எக்ஸ்-பிளேனிலோ மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலோ, விமானக் கட்டணம் இல்லாமல் மனப்பாடம் செய்துகொள்ளலாம். குலுங்குகிற விமானத்தை ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குமிழைத் திருகி, இரைச்சலுக்கு நடுவே மோர்ஸ் கேட்பதை எந்த நாற்காலியும் கற்றுத் தராது.

மேகத்துக்குள் நிஜமாகப் பறந்த அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே ஜி1000-ன் பெரிய செயற்கை அடிவானமும் நகரும் வரைபடமும் தரும் நிதானம், நான் சொன்ன எல்லாவற்றையும் விடக் கூடுதல் எடை பெறலாம். ஏர்லைன் வேலைக்குப் போகிறவர் கடைசியில் திரையோடுதான் வாழப்போகிறார். அதனால் பயிற்சியின் பின்பகுதி ஜி1000-ல் இருப்பது அவசியம்.

பழைய விமானம் என்று சொன்னதும் நம்பிவிடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் ஜிஎன்எஸ் 430 என்ற ஜிபிஎஸ் கருவி மாட்டியிருந்தால் அதிலும் சிடிஐ பொத்தான் உண்டு, நாவ் 1 முள்ளுக்கு அதே குழப்பம் வரும். ஜி1000-க்கு மாறும்போது, ஜிபிஎஸ் வழித்தடம் எதுவும் போடாமல் விஓஆரை மட்டும் வைத்து ஒரு கிராஸ்-கன்ட்ரி (ஊர் விட்டு ஊர்) பறக்க வேண்டும் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.