கண்ணுக்குக் காவல் போடும் செயலிகள்: ரிப்போர்ட் வாங்குகிறவன் எழுதும் விமர்சனம்

போனில் ஆபாசம் பார்த்தால் நம்பிக்கையான ஒருவருக்குத் தகவல் போய்விடும், அந்தப் பயத்திலேயே பழக்கம் விட்டுப்போகும் என்று சொல்லி விற்கிற கிறிஸ்தவச் செயலிகளைப் பற்றி வாலிபர் கூட்டங்களில் பேச்சு அடிபடுகிறது. போட்டுக்கொண்டவர்கள் நிறையச் சொல்கிறார்கள். நான் மறுபக்கத்து ஆள். எங்கள் சபைப் பையன்கள் சிலர், "அண்ணே, ரிப்போர்ட் உங்களுக்கு வர்ற மாதிரி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்கள், சரி என்றேன். அவர்கள் போட்டது எந்தச் செயலி என்று எழுதினால் ஆள் யாரென்று எங்கள் ஊரில் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அந்தப் பெயர் வேண்டாம்.

இந்த வகையில் மூத்தது, எல்லோருக்கும் தெரிந்தது, கவனன்ட் ஐஸ். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2000-ல் தொடங்கிய நிறுவனம். பெயரை எடுத்தது பைபிளில் யோபு 31:1-லிருந்து: "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான் ஒரு கன்னிகையின்மேல் நினைப்பாயிருப்பதெப்படி?" முன்பு எந்தத் தளத்துக்குப் போனோம் என்ற பட்டியலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. 2019-லிருந்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் திரையையே படம் பிடித்து, அதில் ஆபாசம் இருக்கிறதா என்று செயற்கை நுண்ணறிவை வைத்துப் பார்த்து, படத்தை மங்கலாக்கி அக்கவுண்டபிலிட்டி பார்ட்னருக்கு, அதாவது ரிப்போர்ட் வாங்க நாமே தேர்ந்தெடுத்த ஆளுக்கு, அனுப்புகிறது. ஐபோனில் ஆப்பிள் இதற்கு இடம் கொடுப்பதில்லை, அங்கே இதன் கை கட்டித்தான் இருக்கும். ஐபோன்காரர்கள் பணம் கட்டுமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலிகள் பாரத்தைப் பார்க்கிறவன் தலையில் வைக்கின்றன. நம் சபைகளில் அடக்கம் என்று பிரசங்கம் ஆரம்பித்தாலே அது லெக்கின்ஸிலும் துப்பட்டாவிலும் போய்த்தான் நிற்கும், அதுவும் 1 தீமோத்தேயு 2:9-ஐத் தூக்கிக்கொண்டு. அந்த வசனத்தில் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பொன்னையும் முத்தையும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும். நூறு பவுன் போட்ட கல்யாணத்தில் அந்த வசனத்தை யாராவது வாசித்து நான் கேட்டதில்லை. இச்சையைப் பற்றி இயேசு ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் பேசியபோது "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்றார். எதிரே வருகிறவளின் உடையைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பையன் தன் கையாலேயே தன் போனுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இன்னொருத்தன் கையில் கொடுக்கிறான் என்றால், மலைப்பிரசங்கம் அவனுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வேலை செய்கிறதா? பாதி. எனக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் கபடி ஆட்டம் வந்திருக்கிறது, நீச்சல் போட்டி வந்திருக்கிறது, ஒரு நர்சிங் மாணவனின் உடற்கூறு பாடம் சிவப்புக் குறியோடு வந்திருக்கிறது. அதே செயலிக்குத் தமிழில் எழுதிய ஆபாசக் கதைகள் கண்ணிலேயே படுவதில்லை. அது படத்தில் தோலைத் தேடுகிறது, எழுத்தை அல்ல, அதுவும் நம் எழுத்தை நிச்சயமாக அல்ல. ரீல்ஸும் அப்படித்தான். முழுக்க உடுத்திக்கொண்டு ஆடுகிற முப்பது விநாடி வீடியோவில் அதற்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது, ஆனால் பையன்களைக் கேட்டால் விழுகை தொடங்குகிற இடமே அதுதான் என்கிறார்கள். நல்ல தளத்துக்குத்தான் போனேன், விரல் தள்ளத் தள்ள வேறெங்கோ போய் நின்றேன் என்கிற கதை எனக்கு மனப்பாடம்.

இதைவிடப் பெரிய கோளாறு ரிப்போர்ட் வந்தபிறகு நடப்பது. முதலில் நான் உடனே வாட்ஸ்அப்பில் "என்னடா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலே வராது, கூட்டத்துக்கு வருவதும் நின்றுவிடும். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, அதுவும் சொஸ்தமடையும்படிக்கு. செயலி அவனுக்குப் பதிலாக அறிக்கையிட்டுவிட்டால் அவன் வாய் திறக்க என்ன மிச்சம் இருக்கிறது? இப்போது ரிப்போர்ட் வந்தாலும் நான் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. வாரம் ஒருமுறை டீக்கடையில் உட்காருகிறோம், அவனாகச் சொல்ல ஆரம்பிக்கும்வரை கிரிக்கெட் பேசுகிறோம். பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். ராத்திரி பதினொன்றுக்குமேல், தனியாக, வேலை கிடைக்காத எரிச்சலில் என்று அவன் சொல்லும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபடுகிறது. மங்கலான படத்தில் அதெல்லாம் இருக்காது.

ரிப்போர்ட்டை யாருக்குப் போடுவது என்பதில் கவனம் தேவை. சபை ஐயருக்கு, அதாவது போதகருக்கு, போடாதீர்கள். நாளைக்கு உங்களுக்குச் சபையில் ஒரு பொறுப்பு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர் அவர். மனைவிக்கும் வேண்டாம் என்பது என் கருத்து. அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் தினமும் மங்கலான படம் பார்த்துக் காவல்காக்கிற வேலையை அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

அதிகாரம் உள்ளவர் கையில் இது எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பரில் வயர்ட் பத்திரிகை இந்தச் செயலிகளைப் பற்றி விரிவாக எழுதியது. சபை சொல்லித் தன் போனில் போட்டுக்கொண்ட ஒரு வாலிபரை, அவர் என்ன பார்த்தார் என்று சபைத் தலைவர் மின்னஞ்சலில் விசாரித்ததும் அதில் இருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக ஆண்ட்ராய்டில் இருக்கிற அனுமதியை எடுத்துக்கொண்டுதான் இவை திரையைப் படித்தன. அந்த விஷயம் வெளியே வந்ததும் கூகுள் கவனன்ட் ஐஸையும் அக்கவுண்டபிள்டுயூ என்ற இதேபோன்ற இன்னொரு செயலியையும் அப்போது ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. நீங்கள் தட்டுகிற வங்கித் திரையும் தனிப்பட்ட சாட்டும் அதே திரைதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அப்புறம் விலை. கவனன்ட் ஐஸ் மாதம் 15 டாலருக்கு மேல், நம் கணக்கில் ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டும். வேலை தேடிக்கொண்டிருக்கிற பையனுக்கு இது ரொம்ப அதிகம். இலவசமாக ஒன்று இருக்கிறது: க்ளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-ல் குடும்பங்களுக்காகக் கொண்டுவந்த டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் முகவரியைத் தேடிக்கொடுக்கிற சேவை. வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. யாருக்கும் ரிப்போர்ட் போகாது, படம் பிடிக்காது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது ஒன்றும் செய்யாது, அதற்குப் போனுக்குள் தனியாக அமைக்க வேண்டும். இதையும் தாண்டப் பார்க்கிறவன் தாண்டுவான். ஆனால் சும்மா இடறி விழுகிறவனுக்கு இது போதும், எங்கள் பையன்களில் சிலர் செயலியை எடுத்துவிட்டு இதோடுதான் இருக்கிறார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சில அம்மாக்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவனுக்குத் தெரியாம போன்ல போட்டுக் குடுத்துருங்க" என்கிறார்கள். செய்ய மாட்டேன். பத்து வயதுப் பிள்ளை என்றால், பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துகிற கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நீங்களே போடலாம், காசும் கிடையாது. இருபது வயதுக்காரனுக்கு அவனாக வந்து கேட்டால் மட்டும்தான்.