மதுரையில் ‘ஐ7 கேமிங் பிசி’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காசு கொடுக்கும் முன்பு ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் ஒரு கேபிள்கூட வாங்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது என் அக்கா மகனுக்கு நடந்ததைப் படித்தால் புரியும்.

அக்கா திருமங்கலத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். பையன் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். வேலோரண்ட் விளையாட வேண்டும், பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண வேலை பழக வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா சீட்டு எடுத்த பணத்தோடு, தாய்மாமன் முறைக்கு நானும் கொஞ்சம் போட்டு, மானிட்டர் நீங்கலாக 48,000 ரூபாய் தேற்றினோம். தைத்துச் சேர்த்த பணம் என்பதால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடை மதுரை நகருக்குள்தான் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ‘திருவிழா ஆஃபர்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 600 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), கண்ணாடிக் கேபினெட், வண்ண விளக்கு ஃபேன்கள். எல்லாமே புதுசா என்று நான் வாட்ஸ்அப்பிலேயே கேட்டேன். “எல்லாம் நியூ பாக்ஸ் பீஸ்ண்ணே, கார்டு ஆர்எக்ஸ் 580, ஒரு வருசம் வாரண்டி” என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இன்று எங்கள் கையில் இருக்கும் பெரிய சான்று. போனில் பேசி முடித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

கடையில் பில் கேட்டபோது, “ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட ஆகும்ண்ணே, எஸ்டிமேட் போட்டுத் தர்றேன், வாரண்டிக்கு அதுவே போதும்” என்றார் முதலாளி. பில் கட்டாயம் வேண்டும் என்று நின்ற பிறகு, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். வந்த தாளில் ‘கம்ப்யூட்டர் செட் – 1, ரூ.48,000’ என்று ஒரே வரிதான் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. அடியில் மட்டும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே வேலோரண்ட் திறக்கவில்லை. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும் என்று செய்தி காட்டி நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டுக்கு இவை இரண்டும் கட்டாயம். விண்டோஸ் 11-க்கே டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அப்படியானால் இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 எப்படி ஏறியது? அந்தச் சோதனையைத் தாண்டிப் போடும் வழி இருக்கிறது. கடையில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். போட்டவருக்கு உள்ளே இருப்பது பழைய பிராசசர் என்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

உள்ளே என்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பையன் இறக்கிப் பார்த்தான். ஐ7-3770, எல்ஜிஏ 1155 சாக்கெட், எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ராம், எல்லாமே பழைய காலத்து வகை. “மாமா, இது நான் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி வந்த பிராசசர் மாமா” என்று போனில் சொன்னபோது அவன் குரல் கம்மிவிட்டது. 3770 வெளிவந்தது 2012 ஏப்ரலில். அந்தக் காலத்தில் அருமையான பிராசசர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது. இன்டெல் அதை 2013-இல் அடுத்த தலைமுறையில்தான் சேர்த்தது. இன்று வரும் சில விளையாட்டுகள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது.

‘ஐ7’ என்ற சொல்லை வைத்து நடக்கும் ஏமாற்று இதுதான். ஐ7 என்பது 2008-இலிருந்து இருக்கிற பெயர். தலைமுறை என்ன என்பது பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 3770 போல நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை, அதாவது மூன்று. 12400 போல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு, அதாவது பன்னிரண்டு. 2022-இல் வந்த ஐ5-12400எஃப், ஏன், ஐ3-12100எஃப் கூட விளையாட்டில் அந்தப் பழைய ஐ7-ஐ எளிதாக முந்தும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐ7 என்று கேட்டால் அக்கா மாதிரி ஆட்கள் உயர்ந்த பொருள் என்று நினைப்பார்கள் என்பதும் தெரியும்.

போர்டு பெட்டியோடு, புத்தம் புதிதாகத்தான் இருந்தது. இதையும் கவனியுங்கள். எச்61 போர்டுகளை இன்றும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். எங்கோ அலுவலகத்திலிருந்து கழித்துப் போட்ட பழைய பிராசசரை அதில் பொருத்திவிட்டால், திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் புதுசு. பிராசசர், சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் அடியில் ஒளிந்திருக்கிறது, யார் கழற்றிப் பார்ப்பார்கள்?

அடுத்த கோளாறு, கனமான விளையாட்டு ஓடும்போது பெட்டி பட்டென்று அணைந்துவிடும். கடைக்குப் போன் செய்தால், “மதுரை வெயிலுக்கு எந்தப் பிசியும் அப்படித்தான்ண்ணே, ரூம்ல ஏசி போடுங்க” என்றார்கள். பிறகு திருமங்கலத்தில் லோ வோல்டேஜ் என்றார்கள். அக்னி நட்சத்திர நேரம் என்பதால் அக்காவும் நம்பிவிட்டாள். ஆனால் பையன் வெப்பநிலையைத் திரையில் வைத்தே விளையாடிப் பார்த்தான். பிராசசர் 70 டிகிரியைத் தொடும்போதே அணைகிறது. அந்தப் பிராசசர் நூறு டிகிரியைத் தாண்டினால்தான் தன்னைக் காத்துக்கொள்ள அணையும். நடுராத்திரியிலும் அணைந்தது, யுபிஎஸ்ஸில் ஓடும்போதும் அணைந்தது. வெயில் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் தம்பி வந்து கழற்றிப் பார்த்ததில் இரண்டு விஷயம் வெளிவந்தது.

ஒன்று எஸ்எம்பிஎஸ். வெளியே 600 வாட் என்று பெரிய ஸ்டிக்கர். பக்கவாட்டில் இருந்த சின்ன அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டில்தான். 3770-க்கு 77 வாட், இந்தக் கார்டுக்கு ஏறத்தாழ 150 வாட். கூட்டிப் பாருங்கள், அப்போதே பற்றவில்லை. கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர்கூட அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க் வயர்களிலிருந்து கன்வர்ட்டர் போட்டு இழுத்திருந்தார்கள். அந்தக் கன்வர்ட்டர் முனை லேசாகப் பழுப்பேறியிருந்ததை அந்தத் தம்பி காட்டினார். பையன் ராத்திரி பிளெண்டரில் ரெண்டரிங் (படத்தை முழுதாக உருவாக்கும் வேலை) ஓடவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற அறை அது. மற்ற ஏமாற்றெல்லாம் பணத்தோடு போகும், இது உயிர் விஷயம். எனக்கு அதிகக் கோபம் வந்த இடம் இதுதான். வாங்கும்போது 600, 750 என்ற பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றும், கார்டுக்கு நேரடி வயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கார்டு. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று வந்தது. 2017 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஷேடர்கள் (படத்துக்குக் கணக்குப் போடும் சிறு அலகுகள்) உண்டு. 2018-இல் சீனச் சந்தைக்கு என்று 2048 ஷேடர்களோடு இன்னொன்றை அதே பெயரில் விட்டார்கள். அது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570-தான். கடையில் சொன்னது 580 மட்டும், வால் பகுதியைச் சொல்லவில்லை. அதுவும் புதிதில்லை. பின்பக்கத் தகடு துருப்பிடித்திருந்தது. திருகுகளில் கழற்றிய கீறல், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து சிப்பைச் சுற்றிப் படிந்திருந்தது. ஃபேன் மட்டும் புதுசு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டு வைத்து நாணயம் தோண்டும் (மைனிங்) வேலையை நிறுத்தியது. அதற்குப் பிறகு இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் வாங்குகிறவர் யோசித்து வாங்கிக்கொள்வார்.

இன்னும் மோசமான வகையும் உண்டு. பத்து வருசத்துக்கு மேல் பழைய என்விடியா கார்டில் உள்ளே பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைத்து விற்பார்கள். விண்டோஸும் அதை அப்படியே நம்பும். 2018-க்குப் பிறகு வந்த ஜிபியு-இசட் பதிப்புகள் இந்த வகைக் கார்டுகள் பலவற்றைப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கடையிலேயே பெட்டியை ஓட்டி, சிபியு-இசட், ஜிபியு-இசட் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். பென் டிரைவில் மூன்றையும் எடுத்துக்கொண்டே போகலாம், பத்து நிமிஷ வேலை.

நேரில் போய்க் கேட்டபோது கடைக்காரர் சொன்ன பதில் இது: “ஐ7னு சொன்னோம், ஐ7 தானே குடுத்திருக்கோம்? எந்த ஜெனரேசன்னு நீங்க கேக்கலையேண்ணே.” பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, “விண்டோஸ் 10 மாத்திப் போட்டுத் தர்றேன் தம்பி, வேலோரண்ட் ஓடும்” என்றார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்று அவன் பதில் சொன்னான். அதற்கு மேல் அவர் எங்களோடு பேசவில்லை, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அதே தொகைக்கு வேறு கடைகளில் எழுதி வாங்கிய கொட்டேஷன்களைப் பார்த்தபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, எல்லாம் பெட்டி பிரிக்காதது. அந்த 3050 வெறும் 70 வாட் கார்டு. போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் தனி வயரே வேண்டாம். சின்னத் தொகை வைத்திருப்பவர்கள் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டால் கார்டு இல்லாமலே வேலோரண்ட் ஓடும், கார்டை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு விஷயம், இன்டெல் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு சர்வீஸுக்குப் போனால் திரையில் ஒன்றும் வராது.

பில் விஷயத்துக்கு வருகிறேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அடியில் அச்சடித்த அந்த வாக்கியத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டி எண் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து 15 இடம் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடைப் பெயர் வந்துவிடும்.

நாங்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். கடையிலிருந்து பதில் வரவில்லை. பிறகு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினோம். வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் வரை பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நாமே மனு போடலாம், இணையத்திலும் போடலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போட்டுவிட்டோம். வாட்ஸ்அப் உரையாடல், அந்த ஒற்றை வரி பில், சிபியு-இசட் திரைப் படங்கள், எஸ்எம்பிஎஸ் அட்டவணையின் படம், சர்வீஸ் தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கை, எல்லாம் இணைத்திருக்கிறோம். ‘கம்ப்யூட்டர் செட்’ என்று மொட்டையாக இருப்பதால், எங்களுக்கு விற்றது இந்தப் பாகங்கள்தான் என்று நிரூபிக்க இவ்வளவு சேர்க்க வேண்டியிருக்கிறது. சீரியல் நம்பர் போட்ட பில் ஒன்று இருந்தால் இதில் பாதி வேலை தேவையே இல்லை.

பெட்டியை யாருக்காவது தள்ளிவிடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். இன்னொரு வீட்டுப் பையன் தலையில் இதைக் கட்ட அக்காவுக்கும் எனக்கும் சம்மதம் இல்லை. பாகங்களைக் கழற்றாமல் அப்படியே மூடி வைத்திருக்கிறோம், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். பையன் இப்போது கல்லூரி லேபில்தான் பிளெண்டர் பழகுகிறான்.